நிதி நிற்கும் இடத்தில் அறிவும் நிற்கும்

மனித மூளை இருபத்தைந்தாம் வயதில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது என்னும் கூற்று இன்று நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இளைஞர் நடுவே பணியாற்றும் நாமும் இதனைச் சொல்லியிருக்கக்கூடும். இக்கூற்றுக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு? இதனை ஆராயப் புகுந்தால், அறிவியலைப் பற்றி மட்டுமன்றி, அறிவியலுக்குச் செலவிடப்படும் பணத்தைப் பற்றியும் ஓர் உண்மையைக் காண்போம்.

உயிரோடிருக்கும் நலமான பிள்ளைகளின் மூளையை மீண்டும் மீண்டும் படமெடுப்பது எம்.ஆர்.ஐ. கருவி வந்த பின்னரே இயல்வதாயிற்று. அமெரிக்காவில் ஜே கீட் என்பவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியின் சாம்பல்நிறப் பொருள் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுவரை பெருகி, பின்னர் படிப்படியாகக் குறைகிறது என்று அவர்கள் கண்டனர். இக்குறைவை அழிவு என்று கொள்ளலாகாது; பயன்படாத இணைப்புகள் களையப்பட்டு எஞ்சியவை உறுதிப்படுவதன் அடையாளமாகவே ஆய்வாளர் பலர் இதனை விளக்குகின்றனர். எனினும், இவ்வாய்வில் இடம்பெற்றோர் 145 பேரே. அவர்களுள் 65 பேர் மட்டுமே ஒரு முறைக்கு மேல் படமெடுக்கப்பட்டனர். அனைவரிலும் மூத்தவருக்கும் வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை.

ஆகவே, அதற்குப் பின் நிகழ்வதைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் கூற இயலாது. நரம்பிழைப் பாதைகளின் மாற்றம் இருபதுகளிலும் அதற்கு அப்பாலும் தொடர்வதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இருபத்தைந்து என்பது இயற்கை கட்டிய மதில் அன்று. ஆய்வுகள் எந்த வயதோடு நின்றனவோ, அந்த வயதையே வளர்ச்சியின் எல்லையாக மக்கள் எண்ணிவிடும் இடர் இங்கு உண்டு.

இனி, ஒரே ஆட்களைப் பல்லாண்டுகள் பின்தொடர வேண்டிய தேவை என்ன? கஞ்சாவைப் பற்றிய விவாதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்துவரும் ஆய்வொன்று உண்டு. வளரிளம் பருவத்தில் கஞ்சாவைத் தொடங்கி நெடுங்காலம் விடாதவர்களுடைய அறிவுத்திறன் ஈவு 38 வயதுக்குள் எட்டுப் புள்ளிகள் அளவுக்குக் குறைந்தது என்று 2012-இல் அவ்வாய்வாளர்கள் அறிவித்தனர். ஆனால், 2016-இல் வெளியான இரட்டையர் ஆய்வொன்றில், கஞ்சா பயன்படுத்திய இரட்டையர் அதனைத் தொடாத தம் உடன்பிறந்தவரைவிடக் கூடுதலான வீழ்ச்சி எதையும் காட்டவில்லை. குற்றவாளி கஞ்சாவா, குடும்பச் சூழலா? பழக்கம் தொடங்குவதற்கு முன்னரே மூளையை அளந்து வைத்திருந்தாலன்றி இவ்வினாவுக்கு உறுதியான விடை கிடைப்பது அரிது.

இத்தேவையை உணர்ந்தே அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2015-இல் ஏ.பி.சி.டி. ஆய்வுக்கு நிதி வழங்கத் தொடங்கின. முதலாண்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 3 கோடி டாலர். 2016 முதல் 2018 வரை, 21 ஆய்வு மையங்களில், ஒன்பது பத்து வயதுடைய ஏறத்தாழ 11,880 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். இவர்களுள் இரட்டையரும் பலர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூளைப் படம் எடுக்கப்படுகிறது; உறக்கம், கல்வி, குடும்பம், மனநலம், போதைப்பொருட் பழக்கம் ஆகியவையும் பதிவு செய்யப்படுகின்றன. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, யாரும் எதிர்பாராத அந்நெருக்கடிக்கு முன்னர் இப்பிள்ளைகள் எவ்வாறிருந்தனர் என்னும் பதிவு ஏற்கெனவே கைவசம் இருந்தது. அவ்வாண்டே மேலும் ஏழு ஆண்டுகளுக்கு 29 கோடி டாலர் அளிக்க ஒப்புதல் கிடைத்தது.

ஆயினும் பத்தாண்டுத் திட்டமாகவே இது வகுக்கப்பட்டது. ஒன்பது பத்து வயதில் சேர்ந்தவர் பத்தாண்டுகளில் இருபதை எட்டுவர். வேலை, திருமணம், வீட்டைவிட்டு வெளியேறுதல் ஆகியவை நிகழ்வதும், கடும் மனநோய்கள் பல தலைகாட்டுவதும் இருபதையொட்டிய ஆண்டுகளில்தான். அங்கே நிதி நின்றுவிடுமானால், பழைய தவறே பெரிய அளவில் மீண்டும் நிகழும்.

நோயுற்ற இளைஞருக்கு இன்று சிகிச்சை அளிக்கவே பணம் போதாதிருக்க, பலன் காணப் பத்தாண்டுகள் காத்திருக்கும் ஆய்வுக்கு ஏன் செலவிட வேண்டும் என்று சிலர் கேட்பர். இது எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. ஆனால், சிகிச்சையை எப்பருவத்தில், யாருக்குத் தொடங்குவது என்பதை அறியாமல் செலவிடும் பணமும் வீணாகக்கூடும். மேலும், பத்து வயதில் எடுக்கப்படாத படத்தைப் பின்னர் எவ்வளவு பொருள் கொடுத்தும் பெற இயலாது. இடையில் கைவிடப்படும் நெடுங்கால ஆய்வு பாதி கட்டிய பாலம் போன்றது. செலவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும், அக்கரை சேர்பவர் எவரும் இரார்.

இவ்வறிவைச் சார்ந்து கடுமையான தீர்ப்புகளும் எழுகின்றன. பதினெட்டு வயது நிரம்புமுன் செய்த குற்றத்திற்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. பத்தொன்பது வயதினரைப் பற்றி என்ன சொல்வது? இத்தகைய வினாவில் அறிவியலை மட்டும் நம்பியிருத்தல் தகாது. ஆய்வு தருவது பலரின் சராசரி. நம் முன் அமர்ந்திருப்பவரோ தனி ஒருவர். ஆயினும், அந்தச் சராசரியும் நமக்குக் கிட்டாவிடில், வழக்கத்தையும் ஊகத்தையும் கொண்டே இளைஞரைத் தீர்ப்பிடுவோம். இளைஞர் வளரும் காலம் நெடியது; அவர்களை அறிய விரும்பும் சமுதாயம் அக்காலம் முழுவதற்கும் செலவை ஏற்கவும் பொறுமையோடு காத்திருக்கவும் வேண்டும்.