அருவி தள்ளும் கணக்கு

சீசன் நேரத்தில் குற்றாலம் ஐந்தருவிக்குள் நுழைபவர்கள் முதலில் தேடுவது பிடித்துக்கொள்ளக் கம்பியை. தண்ணீர் தலையில் விழுந்ததும் கழுத்து தானாகக் குனிகிறது. குனிந்தால் முதுகில் அறைகிறது. சற்று ஓரமாக நின்றால் ஆளையே வெளியே தள்ளிவிடுகிறது. மென்மையான தண்ணீருக்கு இத்தனை வலு எங்கிருந்து வந்தது?

ஐந்தருவியின் உயரம் சுமார் 40 அடி. நிற்பவரின் உயரத்தைக் கழித்தால் தண்ணீர் ஏறக்குறைய 34 அடி விழுந்து தலையைத் தொடுகிறது. தடையில்லாமல் விழுந்தால் அப்போது அதன் வேகம் வினாடிக்கு 14 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர். நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். வினாடிக்கு 10 லிட்டர் தண்ணீர் ஒருவர்மேல் விழுந்து வேகமிழந்தால், 14 கிலோ மூட்டையைத் தலையில் ஏற்றியதற்குச் சமமான விசை அவரை அழுத்தும். பாறையில் உரசி, காற்றில் சிதறி வருவதால் உண்மையில் இது குறையும். குற்றாலத்தின் பேரருவியில் இந்தத் தயவு இன்னும் பெரியது. 288 அடி உயரத்திலிருந்து வரும் வெள்ளம் நடுவே பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகமடங்கி, பிறகுதான் குளிப்பவர்மேல் இறங்குகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் அங்கே யாரும் நிற்க முடியாது.

இதே கணக்கைத் துப்பாக்கிக் குண்டுக்குப் போட்டால் வியப்பு காத்திருக்கிறது. கைத்துப்பாக்கிக் குண்டின் நிறை சுமார் 8 கிராம், வேகம் வினாடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 60 கிலோ மனிதருக்குள் பாய்ந்து நின்றால், அவர் பின்னால் நகரும் வேகம் வினாடிக்கு வெறும் 5 சென்டிமீட்டர்! மேலே சொன்ன அருவி ஒரே வினாடியில் கொடுக்கும் உந்தம் அப்படிப்பட்ட 50 குண்டுகளுக்குச் சமம். குண்டு சிறு புள்ளியில் இறங்குவதால் துளைக்கிறது. அருவி உடம்பெங்கும் பரவுவதால் தள்ளுகிறது. சினிமாவில் சுடப்பட்டவர் சுவரை உடைத்துக்கொண்டு பறப்பது இயற்பியலில் நடக்காத காரியம்.

ஆனால் இருபரிமாண வீடியோ கேமில் அந்தப் பொய் வேண்டும். அம்பு பட்ட எதிரி அசையாமல் நின்றால், பட்டதா இல்லையா என்றே ஆடுபவருக்குத் தெரியாது. அடி வாங்கியவர் பின்னால் தெறிப்பதற்கு ‘நாக்பேக்’ என்று பெயர். 1986-இல் வந்த ‘கேசில்வேனியா’வில் ஆடுபவரின் நாயகனே இப்படித் தெறித்துப் பள்ளத்தில் விழுவான். 1999-இல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ முழு ஆட்டத்தையும் இதன்மேலேயே கட்டியது. வாங்கிய அடி ஏற ஏற, தெறிக்கும் தூரமும் ஏறும்.

அளவில் பொய் சொல்லலாம். தள்ளும் விதத்தில் பொய் சொன்னால் கண் உடனே கண்டுபிடித்துவிடும் என்பது என் எண்ணம். எதிரியை ஒரே ஃபிரேமில் 50 பிக்சல் தள்ளி வைத்தால் அது தெறித்ததாகத் தெரியாது, மறைந்து தோன்றியதாகத்தான் தெரியும்; சுவருக்குள்ளும் போய்ச் சிக்கிக்கொள்ளும். மாற்ற வேண்டியது இடத்தை அல்ல, வேகத்தை. திசையை அம்பு பாய்ந்த திசையிலிருந்தே எடுக்க வேண்டும். அம்பு இருக்கும் இடத்திலிருந்து எதிரியின் நடுப்புள்ளிக்குக் கோடு போட்டுத் திசை பார்த்தால், வேகமான அம்பு நடுவைத் தாண்டிய பிறகு மோதல் பதிவாகி, எதிரி சுட்டவரை நோக்கியே பாய்வான். தள்ளும் உந்தத்தை எதிரியின் நிறையால் வகுத்தால், அரக்கன் அசைவான், வௌவால் பறக்கும்.

புதியவர்களைப் பெரிதும் படுத்துவது வேறொன்று. எதிரி நம்மைத் துரத்தும் நிரல் ஒவ்வொரு ஃபிரேமிலும் அவன் வேகத்தைப் புதிதாக எழுதிவிடும். நாம் கொடுத்த தள்ளல் அடுத்த ஃபிரேமிலேயே அழிந்துபோகும். ஆகவே தள்ளல் வேகத்தைத் தனி மாறியில் வைத்து, இரண்டையும் கூட்டி நகர்த்த வேண்டும்.

அந்தத் தனி வேகம் மெல்லத் தேய வேண்டும் அல்லவா? அதற்காக ஃபிரேமுக்கு ஒருமுறை 0.9-ஆல் பெருக்குவார்கள். வினாடிக்கு 300 பிக்சல் வேகத்தில் தொடங்கினால், 60 ஃபிரேம் ஓடும் திரையில் எதிரி மொத்தம் 50 பிக்சல் போவான். 120 ஃபிரேம் ஓடும் போனில் 25 பிக்சலிலேயே நின்றுவிடுவான். தேய்மானத்தை ஃபிரேம் எண்ணிக்கையில் கட்டாமல் கடந்த நேரத்தில் கட்டுங்கள். இரண்டு வகைத் திரையிலும் ஓட்டிப் பார்த்த பிறகே கேமை வெளியிடுங்கள்.