அப்பாவின் எண்ணுக்குப் போகக்கூடாத அழைப்பு

பால்வினை நோய்ப் பரிசோதனைக்காக ஜவ்வாது மலையிலிருந்து பஸ் ஏறி, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பவுர்ணமி நாளென்றால் கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக வந்து போய்விடலாம். ஏன் எதற்கென்று யாரும் கேட்கப்போவதில்லை. ஓ.பி. சீட்டு போடுமிடத்தில், "போன் நம்பர் சொல்லும்மா" என்கிறார்கள். அவள் சொல்வது அப்பாவின் எண். வீட்டில் இருப்பதே அந்த ஒரு போன்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்த எண்ணுக்கு யார் அழைப்பது? என்னவென்று சொல்வது?

முடிவு கேட்கத் திரும்பி வராதவர்களைப் பற்றிய கவலை நம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் சுரக்ஷா கிளினிக்குகளில் ஏழு நிறங்களில் மருந்துப் பைகள் உண்டு. சீழ் வடிகிறதென்று வந்தால் சாம்பல் நிறப் பை: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். ஒரே வேளை மருந்து, அங்கேயே விழுங்கிவிடலாம். ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அறிகுறியோடு வருபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. கவனிக்காமல் விட்டால் கிருமி கருக்குழாய் வரை ஏறி, பின்னாளில் குழந்தைப்பேற்றையே தடுக்கலாம். சிகிச்சை பெற்றவர்களுக்கும் மீண்டும் தொற்றுவதுண்டு. அதனால்தான் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். சிபிலிஸுக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஆரம்ப நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சாதீன் பெனிசிலின் ஒருமுறை போட்டால் போதும். ஆனால் குணமாகிவிட்டதென்று சொல்ல, ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு நான்கில் ஒரு பங்காகவாவது இறங்கியதா என்று 6, 12 மாதங்களில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை அவசரப் பிரிவில், வளரிளம் பெண்களைச் சோதிக்கும்போதே அவர்களுக்கு மட்டுமான எண்ணைத் தனியே கேட்டு எழுதிக்கொண்டார்கள். சிட்னியில் கிளமிடியா சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதில், மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் கூடினார்கள். சொந்த போன் இல்லாத நம் பிள்ளைக்கு அதுவும் போதாது. எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லலாம் என்பதை ஊசி குத்துமுன்பே அவளிடம் கேட்க வேண்டும். எண்ணே வேண்டாமென்றால், பெயரில்லாத ஒரு அட்டையில் தேதியும் அடையாள எண்ணும் எழுதிக் கொடுத்தால், அவளே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வாள்.

போக்சோ சட்டத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். அதன் 19ஆம் பிரிவின்படி 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் மருத்துவரும் தகவல் தந்தே ஆகவேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தை அந்தத் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்பதை அவள் வாய் திறக்கும் முன்பே ஆலோசகர் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

சந்தேகம் இருக்கிற பிள்ளைகள் 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.