நாலு ஸ்பீக்கருக்கு ஒரு கணக்கு

வண்டிப்பெரியாரில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எஸ்டேட் லயங்களிலிருந்து என்னிடம் வரும் ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் அசெம்பிள் செட்டுகள்: 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 4440 ஐசி போர்டு, பாஸ், ட்ரெபிள் திருகு. மூடியைக் கழற்றினாலே கருகிய வாடை அடிக்கும். "சவுண்டு கூட்டி வெச்சேன், போயிருச்சுண்ணே" என்பார்கள். "எத்தனை ஸ்பீக்கர் மாட்டினே தம்பி?" என்பதுதான் என் முதல் கேள்வி.

அநேகமாக நாலு இருக்கும். முன்னறையில் ரெண்டு, உள்ளே ஒண்ணு, வாசலில் மண்பானைமேல் கவிழ்த்து வைத்தது ஒண்ணு. சிவப்பு வயர் எல்லாம் ஒரு முறுக்கு, கறுப்பு எல்லாம் ஒரு முறுக்கு.

ஸ்பீக்கரின் பின்னால், மேக்னட்டில் 8 ஓம் அல்லது 4 ஓம் என்று போட்டிருக்கும். கரண்டுக்கு அது காட்டும் தடை அது. எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை அப்படி ஒன்றாக முறுக்கினால் தடை 4 ஓம் ஆகிவிடும், நாலை முறுக்கினால் 2 ஓம். தடை கால்வாசியானால் கரண்ட் நாலு மடங்கு ஓடும். 4440 போர்டைப் பிரிட்ஜ் முறையில் கட்டியிருந்தால் 4 ஓமுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. ஹீட் சிங்கில் கை வைக்க முடியாத சூடு ஏறும், பிறகு ஐசி போகும். நாலும் வேண்டுமென்றால் இரண்டிரண்டாக வரிசையில் கோருங்கள்: ஒன்றின் கறுப்பிலிருந்து அடுத்ததன் சிவப்புக்கு. ஒரு ஜோடி 16 ஓம். இரு ஜோடியையும் சேர்த்து முறுக்கினால் மறுபடி 8. சத்தம் கொஞ்சம் குறையும், செட் பிழைக்கும்.

பிரிட்ஜில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் சிக்னல் ஓடுகிறது. கறுப்பு வயர் கிரவுண்ட் கிடையாது. வயர் மிச்சம் என்று இடது, வலது கறுப்புகளை ஒன்றாக்கினால் இரண்டு போர்டும் சேர்ந்து எரியும்.

எங்கள் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். பிளேடால் சுரண்டி, அரை இஞ்ச் மட்டும் தோலுரித்து, இழைகளை இறுக முறுக்கி நுனியில் ஈயம் வையுங்கள். பிரிந்த ஒரே ஓர் இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும். வயர் மாட்டுவது, கழற்றுவது எல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். ஆன் செய்யும்போது வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும்.

பிளக் இல்லாமல் மெயின் வயரை சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். தகரப் பெட்டி ஆம்புக்கு எர்த்தோடு மூணு பின் பிளக் கட்டாயம் வேண்டும். துலாமழைக் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி வரும். தூரத்தில் உறுமும்போதே பிளக்கையும், டிஷ் கேபிளையும், டிவியிலிருந்து வரும் ஆடியோ வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்னலுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை.

எல்லாம் சரியாக மாட்டியும் பாஸ் வரவில்லை என்று பெரிய வூஃபர் வாங்கப் போகிறவர்களே, முதலில் ஆம்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கருக்கும் பிளஸ். இரண்டில் ஒன்று தலைகீழாக இருந்தால் ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுக்கும், பாஸ் செத்துப்போகும். அந்த ஒரு பக்கத்து வயரை மாற்றி மாட்டினாலே சரியாகிவிடும்.