கம்ப்யூட்டரில் பிறக்கும் நாடுகள்: நாணயத்தை யார் தருவது?

புதிதாக ஒரு மளிகைக் கடை தொடங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் நாம் விரல்விட்டுச் சொல்லிவிடுவோம். இடம், முதல், சரக்கு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை, தேவைப்பட்டால் ஜி.எஸ்.டி. எண். சரி, புதிதாக ஒரு நாடு தொடங்க என்னென்ன வேண்டும்?

இதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. 1933-ல் தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டுத் தலைநகர் மான்டிவிடியோவில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம் நான்கு தகுதிகளைச் சொல்கிறது. நிலையான மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். இன்று சிலர் இந்தப் பட்டியலையே மாற்றப் பார்க்கிறார்கள். முதலில் இன்டர்நெட்டில் மக்களைச் சேர்ப்போம், நிலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

மிளகாய் வற்றலும் துவரம் பருப்பும் விற்கும் நமக்கு இது எதற்கு என்று எண்ண வேண்டாம். இந்த முயற்சியில் இறங்கியவர்களில் இருவர் தமிழர்கள். அதோடு, அவர்கள் நம்பியிருக்கும் அதே கம்ப்யூட்டர் பதிவேடுதான் இன்று நம் கடைக்கும் உயிர்நாடி.

வாடிக்கையாளர் முதலில், கடை பிறகு

முதலாமவர் பாலாஜி ஸ்ரீனிவாசன். சென்னையைப் பூர்வீகமாகக் கொண்ட பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். கம்ப்யூட்டர் தொழிலில் பெரும் முதலீட்டாளர். 2022 ஜூலை 4-ம் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, ‘தி நெட்வொர்க் ஸ்டேட்’ என்ற நூலை வெளியிட்டார். அவர் சொல்லும் வழி இதுதான்: ஒரே கொள்கை உள்ளவர்கள் இன்டர்நெட்டில் ஒன்றுகூட வேண்டும். எல்லோரும் பணம் போட்டு உலகின் பல பகுதிகளில் சிறு சிறு இடங்களாக வாங்க வேண்டும். தலைக்கணக்கு, வருமானம், சொத்து எல்லாவற்றையும் யாரும் திருத்த முடியாத டிஜிட்டல் பேரேட்டில் எழுதி உலகுக்குக் காட்ட வேண்டும். கடைசியில் ஏதேனும் ஒரு நாட்டின் அங்கீகாரத்தைப் பெற வேண்டும். 2024 செப்டம்பரில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள ஃபாரஸ்ட் சிட்டியில் இதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார்.

இந்த யோசனையை எடுத்த எடுப்பில் சிரித்துத் தள்ள முடியாது. நம் முன்னோரே ஏறக்குறைய இதைச் செய்தவர்கள்தான். சோழர் காலத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு கடல் கடந்தும் தன் விதிகளோடு இயங்கியது. எறிவீரப்பட்டினம் எனப்பட்ட காவல் நகரங்கள் அதற்கு இருந்தன. சுமத்ரா தீவின் பாரூஸ் பகுதியில் கிடைத்த 1088-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவர்களுடையது. கப்பலில் வருவோர் குழுவுக்குக் கட்டவேண்டிய தொகையை அது பேசுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் விருதுநகரிலேயே உறவின்முறையார் வியாபாரத்தில் மகமை பிடித்தும், வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கியும் 1889-ல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். காமராசர் படித்த பள்ளி அது. அரசு கட்டாயப்படுத்தாமலே கட்டிய வரி அது. கணக்கு ஒழுங்காக இருந்தது. வசூலித்தவரும் கொடுத்தவரும் ஒரே தெருவில் இருந்தார்கள். மகமை நடந்தது அந்த நம்பிக்கையில்தான்.

எல்லாம் இருந்தும் ஒன்று இல்லை

இரண்டாமவர் திருவண்ணாமலையில் பிறந்த நித்யானந்தா. அவர்மீது இந்தியாவில் குற்ற வழக்குகள் உள்ளன. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துவருகிறார். அவர் இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டதாக 2019 நவம்பரில் குஜராத் போலீசார் தெரிவித்தார்கள். அடுத்த மாதமே ‘கைலாசா’ என்ற புது நாட்டின் அறிவிப்பு இன்டர்நெட்டில் வந்தது. கொடி, பாஸ்போர்ட், அமைச்சகங்கள், இன்டர்நெட் குடியுரிமை எல்லாம் அறிவிக்கப்பட்டன. 2020 விநாயகர் சதுர்த்தியன்று தனி ரிசர்வ் வங்கியும் பொற்காசும் அறிமுகமாயின.

ஒரு நாட்டின் அலுவலகத்தில் பார்க்கும் பொருள்கள் எல்லாம் இருந்தன. பிறர் ஏற்றுக்கொள்வது மட்டும் வாய்க்கவில்லை. நிலம் வாங்கத் தாங்கள் உதவவில்லை என்று ஈக்வடார் அரசு மறுத்தது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் நகராட்சி கைலாசாவைச் ‘சகோதர நகரம்’ என்று ஒப்பந்தம் போட்டது. விசாரித்துப் பார்த்துவிட்டு சில நாட்களிலேயே ரத்து செய்தது. அதே ஆண்டு பராகுவே நாட்டு வேளாண் அமைச்சக அதிகாரி ஒருவர் கைலாசா பிரதிநிதிகளோடு கையெழுத்திட்டுவிட்டு பதவியை இழந்தார்.

வணிகர்கள் மறக்கக் கூடாதது பொலிவியாவில் நடந்தது. அங்குள்ள பாவுரே பழங்குடியினரின் நிலத்தைக் கைலாசாவினர் குத்தகைக்குக் கேட்டனர். 25 ஆண்டு என்றுதான் பேச்சு. ஆனால் ஆங்கிலத்தில் எழுதி வந்த பத்திரத்தில் 1000 ஆண்டு என்று இருந்தது, வான்வெளியும் கனிவளமும் அதில் அடங்கியிருந்தன என்று பழங்குடித் தலைவர் ஒருவர் கூறியதாகச் செய்திகள் வந்தன. 2025 மார்ச்சில் கைலாசாவோடு தொடர்புடைய 20 பேரைப் பொலிவியா நாடு கடத்தியது. படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போடாதே என்று நம் தாத்தாக்கள் சொன்னது எல்லா நாட்டுக்கும் பொருந்துகிறது.

நாணயம் முதலில், கம்ப்யூட்டர் பிறகு

டிஜிட்டல் நிர்வாகத்தை உண்மையாகவே நடத்திக்காட்டிய நாடு ஒன்று உண்டு. வட ஐரோப்பாவில் உள்ள எஸ்தோனியா. மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 1940-ல் சோவியத் யூனியன் அதை விழுங்கியது; அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் அந்த இணைப்பை ஏற்கவே இல்லை. மண் கைவிட்டுப் போனபோதும் பெயர் நின்றது. 1991 ஆகஸ்டில் மீண்டும் விடுதலை. 1992-ல் க்ரோன் என்ற சொந்தப் பணத்தை வெளியிட்டார்கள். போருக்கு முன் வெளிநாட்டு வங்கிகளில் அவர்கள் வைத்திருந்த தங்கம் திரும்பக் கிடைத்தது. புதுப் பணத்துக்கு அது ஈடாக நின்றது.

இந்த அஸ்திவாரத்துக்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. 2001-ல் அரசு அலுவலகங்களின் பதிவேடுகளை இணைக்கும் ‘எக்ஸ்-ரோடு’, 2002-ல் அடையாள அட்டை, 2005-ல் இன்டர்நெட் வழி ஓட்டு. 2014 டிசம்பரில் வெளிநாட்டாருக்கும் ‘இ-ரெசிடென்சி’ என்ற டிஜிட்டல் அட்டை தரத் தொடங்கினார்கள். இதைக் கொண்டு அங்கே கம்பெனி பதிவு செய்யலாம். ஆனால் இது குடியுரிமை அல்ல. அந்த நாட்டுக்குள் நுழையும் விசாவும் அல்ல. இதையே குடியுரிமை என்று சொல்லி எவரேனும் காசு கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

அங்கேயும் சோதனை வந்தது. 2007-ல் வங்கி, அரசு, பத்திரிகைக் கம்ப்யூட்டர்கள் மீது பெரும் தாக்குதல் நடந்தது. 2017-ல் அடையாள அட்டையின் சிப்பில் குறை தெரிந்தது, சுமார் 7.6 லட்சம் அட்டைகள் பாதிக்கப்பட்டன. அரசு அதை மறைக்கவில்லை. வெளிப்படையாக அறிவித்து, அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்தி, புதுப்பிக்கச் சொன்னது. கெட்டுப்போன சரக்கைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும் வியாபாரியை நாம் நம்புவதில்லையா? அப்படித்தான்.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்ததால் பெயர் வரவில்லை. பல்லாண்டு ருசியில் பெயர் வந்தது. அதைப் பதிவேடு பிறகு ஒப்புக்கொண்டது. நாடும் அப்படியே.

மண் உண்டு, பத்திரம் இல்லை

பதிவேடு இல்லாமலும் வாழ முடியாது என்பதற்குச் சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. அங்கே பளியர் குடியிருப்பு உள்ளது. அந்தக் காடு 1988-ல் சாம்பல்நிற அணில் சரணாலயமானது; 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. பளியர்களோ இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்கள். தேனும் கிழங்கும் எந்தப் பாறையில், எந்தச் சரிவில் என்பது அவர்களுக்குத் தெரியும். அரசாங்கப் பேரேட்டுக்கு அது தெரியாது.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இங்கே ஒரு நல்ல காரியம் செய்தது. பழங்குடியினரின் உரிமைக் கோரிக்கையை முதலில் கிராம சபைதான் பார்க்க வேண்டும். கோரியவர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழிச் சாட்சியத்தையும் எழுதி வாங்கி ஆதாரமாக ஏற்கலாம் என்றது. அதாவது, பேரேட்டில் இல்லாததை ஊரின் சொல்லால் நிரப்ப வழி வைத்தது. கைலாசாவுக்குப் பத்திரம் உண்டு, மண் இல்லை. பளியருக்கு மண் உண்டு, பத்திரம் இல்லை. எந்த நிர்வாகமும் இரண்டாமவரைக் கண்டுகொள்கிறதா என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

நமக்கு என்ன?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது முதல் நாமும் டிஜிட்டல் நாட்டின் குடிமக்களாகிவிட்டோம். சரக்கு கொடுத்தவர் தன் பில்லைக் கம்ப்யூட்டரில் ஏற்றாவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய நமக்கு உள்ளீட்டு வரவு நிற்கிறது. ரிட்டர்ன் தொடர்ந்து தாக்கலாகாவிட்டால் பதிவே ரத்தாகலாம். கடை திறந்திருக்கும், சரக்கு இருக்கும், வாடிக்கையாளர் நிற்பார். பதிவேட்டில் மட்டும் நாம் இல்லை. ரேஷன் கடைக் கருவியில் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகை பதியாமல் திரும்பிப் போகும் பெரியவரின் நிலையும் இதுதான்.

ஆகவே நம் சங்கங்கள் கேட்கவேண்டியவை மூன்று.

ஒன்று, ஒருமுறை கொடுத்த ஆவணத்தை இன்னோர் அலுவலகம் மறுபடி கேட்கக் கூடாது. எஸ்தோனியாவில் இது விதி.

இரண்டு, நம் கணக்கை எந்த அதிகாரி எப்போது திறந்து பார்த்தார் என்பது நமக்குத் தெரிய வேண்டும். அங்கே குடிமகன் தன் பதிவேட்டை யார் பார்த்தார் என்று தானே பார்த்துக்கொள்ள வசதி உண்டு.

மூன்று, கருவி பழுதானாலும் சிக்னல் போனாலும், மனிதரிடம் முறையிட்டு அன்றே வேலை முடிய ஒரு வழி இருக்க வேண்டும். வன உரிமைச் சட்டத்தில் பெரியவர்களின் வாய்ச்சொல்லுக்கு இடம் கொடுத்தது போல.

தமிழில் காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றுதான் பெயர். காசை யாரும் அச்சடிக்கலாம். அடுத்த கடைக்காரர் அதை வாங்கிக் கல்லாவில் போட்டால்தான் அது செல்லும்.