படம் வரையும் யந்திரக் கை

சென்னிமலை வட்டாரத்தில் பிறந்தவர்கள் தறியோசை கேட்டு வளர்ந்தவர்கள். ஜக்கார்டு பெட்டி பொருத்திய தறியை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். துளையிட்ட அட்டைகள் மாலைபோற் கோக்கப்பெற்று மேலே தொங்கும். துளையுள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து பாவு நூலைத் தூக்கும்; துளையில்லாத இடத்தில் நூல் எழாது. ஓர் அட்டை, ஊடையின் ஒரு வரிசைக்குரிய கட்டளையாகும். பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில் இம்முறையை அமைத்தார். 1839-இல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தற்குச் சுமார் 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன.

ஒரு சித்திரத்தைச் சிறு சிறு கட்டளைகளாகப் பிரித்தல் என்னும் இக்கருத்தே, படம் வரையும் யந்திரக் கைக்கும் அடிப்படை. பத்துப் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு மரச்சட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று மேற்கை, மற்றொன்று முன்கை. தோளில் ஒரு சர்வோ மோட்டார், முழங்கையில் ஒன்று, பேனாவைத் தூக்கி இறக்க ஒன்று. இவற்றை ஆளும் மூளை, மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லு. அது 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மோட்டாருக்கு ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு 1.5 மில்லிசெகண்டு நீடித்தால் மோட்டார் நடுநிலையில் நிற்கும். குறைந்தால் ஒரு புறமும், மிகுந்தால் மறு புறமும் திரும்பும்.

எவ்வளவு திரும்ப வேண்டும்? இதற்கு விடை நம் வடிவகணிதத்தில் உள்ளது. வரைய வேண்டிய புள்ளி தோளிலிருந்து 10 செ.மீ. தொலைவில் இருப்பின், மேற்கை, முன்கை, அத்தொலைவு மூன்றும் சமம். ஆகவே அது சமபக்க முக்கோணம். முழங்கைக் கோணம் 60 பாகை. தொலைவு 20 செ.மீ. ஆயின் கை நேராக நீளும், அதற்கப்பால் எட்டாது. இடைப்பட்ட தொலைவுகளுக்குக் கொசைன் விதி கைகொடுக்கும்.

அண்மையில் ஒரு மாணவர் தாம் செய்த கையை என்னிடம் கொண்டுவந்தார். நேர்கோடு வரையப் பணித்தால் அது வில்போல் வளைந்த கோட்டையே வரைந்தது. மோட்டார் பழுதென்று எண்ணி, புதியது வாங்கப் பணம் சேர்க்கத் தொடங்கியிருந்தார். எனக்கும் முதலில் காரணம் புலப்படவில்லை. இருவரும் காகிதமும் கவராயமும் கொண்டு வரைந்து பார்த்தோம். பிழை மோட்டாரில் இல்லை. தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் மட்டுமே அவர் கொடுத்திருந்தார். மூட்டுக்களோ சுழல்வன, இடைவழியில் பேனா வளைந்தே செல்லும். 10 செ.மீ. கோட்டை 2 மி.மீ. அளவுள்ள 50 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கோணங் கணித்துக் கொடுத்தார். கோடு நேராயிற்று.

சிறு நடுக்கம் எஞ்சியது. கை முழுதும் நீண்டிருக்கையில், தோளில் ஒரு பாகை பிசகினால் பேனா ஏறத்தாழ மூன்றரை மி.மீ. விலகும். ஆதலால் மூட்டுக்களில் தளர்ச்சியின்றி இறுகப் பொருத்துதல் வேண்டும்.

அட்டையில் ஒரு துளை தவறினால், நெய்யும் போர்வை ஒவ்வொன்றிலும் அத்தவறு தோன்றும். தறியைப் பழித்துப் பயனில்லை. நீங்களும், கருவியை மாற்றுமுன் நீங்கள் இட்ட கட்டளையைச் சோதித்துப் பாருங்கள்.