கிடேரிகளை ஒரே நாளில் சினைக்குக் கொண்டுவருவது எப்படி?

பத்துக் கிடேரி நிற்கும் பண்ணையில் சினை ஊசி போடுவது பெரிய வேலையே இல்லை. எது எப்போது பருவத்துக்கு வருகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பலரும் தோற்கிறார்கள். ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவம் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரத்தில் முடிந்துவிடும். கத்தும், கண்ணாடிபோல வழும்பு ஒழுகும், இன்னொரு மாடு மேலே ஏறினால் நகராமல் நிற்கும். இதெல்லாம் நள்ளிரவில் நடந்தால் யார் பார்ப்பது? ஒருமுறை தவறவிட்டால் மூன்று வாரத் தீவனச் செலவு கூடுதல்.

மாட்டின் நாட்காட்டியை நம் வசதிக்கு மாற்றுவதுதான் ஹார்மோன் சிகிச்சை. பழைய வழி புரோஸ்டகிளாண்டின் ஊசி. கருமுட்டை வெளியேறிய இடத்தில், சூலகத்தில் ஒரு மஞ்சள் திட்டு உருவாகும். அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் இருக்கும்வரை அடுத்த பருவம் வராது. ஊசி அந்தத் திட்டைக் கரைத்துவிடுவதால் 2 முதல் 5 நாளில் மாடு பருவத்துக்கு வரும். ஆனால் பருவம் முடிந்து முதல் ஐந்து நாளுக்குள் இருக்கும் கிடேரியிடம் திட்டு இளசாக இருக்கும், ஊசி பலிக்காது. அதனால்தான் 11 அல்லது 14 நாள் விட்டு இரண்டாவது ஊசி போடுகிறார்கள். அப்போதும் பருவத்தைக் கண்காணிக்கும் வேலை தீராது.

அதைத் தீர்க்க 1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஓவ்சிங்க்’ என்ற முறையை வெளியிட்டார்கள். முதலில் கருமுட்டையை வெளியேறத் தூண்டும் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் ஊசி, ஏழு நாள் கழித்துப் புரோஸ்டகிளாண்டின், மறுபடி ஜிஎன்ஆர்ஹெச், பிறகு குறித்த நேரத்தில் சினை ஊசி. பருவத்தைப் பார்க்கவே வேண்டாம். கறவைப் பசுக்களில் நன்றாக வேலை செய்த இது, கிடேரிகளில் சொதப்பியது. சூலகத்தில் கருமுட்டைப் பைகள் அலை அலையாக வளர்கின்றன. கிடேரிகளில் அந்த அலைகள் வேகமாக மாறுவதால் முதல் ஊசிக்குப் பல கிடேரிகள் மசியவில்லை. சில, குறித்த நாளுக்கு முன்பே பருவத்துக்கு வந்துவிட்டன.

முந்திக்கொள்ளும் கிடேரியைத் தடுக்க, புரோஜெஸ்டிரோன் கலந்த சிலிகான் சாதனத்தைப் பிறப்புறுப்பில் வைக்கும் ஐந்து நாள் முறை வந்தது. முதல் நாள் சாதனத்தோடு ஜிஎன்ஆர்ஹெச். ஐந்து நாள் கழித்து அதை உருவிவிட்டுப் புரோஸ்டகிளாண்டின். மறுநாள் இன்னொரு டோஸ். உருவியதிலிருந்து 72 மணி நேரத்தில் ஜிஎன்ஆர்ஹெச்சும் சினை ஊசியும் ஒன்றாக. நன்றாக வளர்ந்த கிடேரிகளில் பாதிக்கு மேல் சினை பிடிக்கும்.

நன்றாக வளர்ந்த என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முழு வளர்ச்சியில் 400 கிலோ வரும் இனம் என்றால், கிடேரி 220, 240 கிலோவாவது இருக்க வேண்டும். எலும்பும் தோலுமாக நிற்பதற்கு ஊசி வாங்கும் காசில் தாது உப்பும் அடர்தீவனமும் வாங்கலாம்.

முதலில் சினை இல்லை என்று மருத்துவர் உறுதி செய்ய வேண்டும்; சினை மாட்டுக்குப் புரோஸ்டகிளாண்டின் போட்டால் கரு கலைந்துவிடும். அந்த மருந்து மனிதத் தோல் வழியாகவும் உள்ளே போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது.

ஒன்றாகச் சினை பிடித்தவை சுமார் 280 நாளில் ஒன்றாகவே ஈனும். கன்று கட்ட இடம், சீம்பால் கொடுக்க ஆள், அந்த மாதத்துப் பசுந்தீவனம் எல்லாவற்றையும் முன்பே கணக்குப் போட முடியாதவர்கள், பத்தையும் ஒரே தேதியில் நிறுத்தாமல் இரண்டு தொகுதியாகப் பிரித்துக்கொள்வது நல்லது.