வெயில் வெளுக்கும் நிறமும் விலகாத உப்பும்

மிகுதியான நீரில் அசுத்தம் கலந்து அதன் இயல்பைக் கெடுத்ததா என்பதை அறிய, ஃபிக்ஹு நூலார் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றையும் நோக்கச் சொல்வர். ஆற்று நீரைக் கதிரவன் தூய்மையாக்கிவிடும் எனப் பலரும் கருதுகின்றனர். பாலாற்றைப் பொறுத்தவரை இது எவ்வளவு பொருந்தும் என ஆராய அம்மூன்று அடையாளங்களும் துணைபுரிகின்றன.

இலை, மரப்பட்டை, மண் ஆகியவற்றிலிருந்து கரையும் கரிமப் பொருள்கள் நீருக்குத் தேநீர் நிறத்தைத் தருகின்றன. தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆறு கறுத்துத் தோன்றுவதும் இதனாலேயே. இப்பொருள்கள் வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுகின்றன. அவ்வாற்றலால் பெரிய மூலக்கூறுகள் உடைகின்றன. ஒரு பகுதி கரியமில வாயுவாகிறது; சிறு துண்டுகள் பல நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. நீரின் நிறமும் வெளுக்கிறது.

ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றால் தோல் பதனிடும்போது வெளியேறும் பழுப்பு நீரிலுள்ள டானினும் கரிமப் பொருளே. வெயில் அதனை மெல்ல மாற்றும். ஆனால் பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் உப்பு ஒளியால் உடைவதன்று. வெயில் நீரை ஆவியாக்க, எஞ்சிய நீரில் உப்பின் செறிவு கூடுகிறது. பின்னர்ப் பரவிய பதனிடும் முறையில் பயன்படும் குரோமியமோ ஒரு தனிமம். வெயில் அதன் வேதி வடிவை மாற்றத் துணைபுரியலாம். அதனை அழிக்க இயலாது.

மேலும், கரும்பழுப்பு நீரில் புற ஊதாக் கதிர் ஆழமாக இறங்குவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர் வழியே வந்து, சோளிங்கர் அடங்கிய இராணிப்பேட்டை மாவட்டத்திலும் பாயும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. மணலுக்குள் இறங்கிய கழிவை வெயில் தீண்டுவதில்லை. ஆகவே கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவாயிருந்தும் நாவுக்குக் கரிக்கலாம். நிறம் நீங்கியது கொண்டு நீர் தூயதென முடிவு செய்தல் பிழை.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை, இப்பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் உறுதிப்படுத்தியது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து அம்மன்றம் மீண்டும் ஆணை பிறப்பித்தது. எனில், இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் இடர் தீரவில்லை என்பது தெளிவு.

தோலை ஊறவைக்குமுன் அதிலுள்ள உப்பை உதறி எடுத்தலும், கழிவு நீரிலுள்ள உப்பை ஆலையிலேயே பிரித்தலும் மனிதர் கடமை. கதிரவனால் ஆகாததை அதனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் தகாது.